வாடகையும் சொத்து மதிப்பும்: ஜார்ஜ்டவுன் கடைவீடுகளை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

வாடகைக்கு விடும் நோக்கில் கட்டடம் வாங்குவோர், அதன் விலை உயர்வையும் வருவாயையும் ஒன்றெனவே கருதுவதுண்டு. இவ்விரண்டும் வேறுபட்டவை என்பதையும், இவற்றைத் தீர்மானிக்கும் காரணிகளையும் பினாங்கு ஜார்ஜ்டவுன் நகரின் கடைவீடுகளைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். நகரத்தாரின் கிட்டங்கிகள் விளங்கிய பினாங்கு வீதியும், தமிழர் வணிகம் நிலைபெற்ற பாசார் வீதியும் இந்நகரில் அமைந்திருத்தலால், இப்பொருள் இந்திய ஆய்வியலுக்கும் உரியதாகிறது.

சட்டம் என்னும் காரணி

மலேசியாவின் 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி இறுதிக்குள் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு உரியதாக இருந்தது. வாடகை குறைவாக இருந்தமையால் உரிமையாளர் பழுதுபார்ப்பதில் நாட்டம் கொள்ளவில்லை. குடியிருப்போரை வெளியேற்றுதல் எளிதன்று ஆகையால், வாங்க முன்வருவோரும் குறைந்த விலையே கூறினர். அதே வேளையில், சிறு வணிகர் தலைமுறை தலைமுறையாக ஓரிடத்தில் நிலைத்திருக்க இச்சட்டமே துணைநின்றது.

1997இல் இச்சட்டத்தை நீக்க வழிவகுக்கப்பட்டது. இடைக்காலம் 1999 டிசம்பரில் முடிவுற்று, 2000 ஜனவரி முதல் வாடகை சந்தை நிலைக்கு விடப்பட்டது. சுவரும் கூரையும் மாறாதிருக்க, சட்டம் மாறியமையால் மட்டுமே சொத்தின் மதிப்பு மாறியது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இடமும் பயன்பாடும்

2008 ஜூலையில் ஜார்ஜ்டவுன், மலாக்காவுடன் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. மரபுரிமை எல்லைக்குள் கட்டட உயரம் 18 மீட்டருக்கு வரையறுக்கப்பட்டது. பழைய கட்டடத்தை இடித்து அடுக்குமாடி எழுப்பும் வாய்ப்பு இதனால் அடைபட்டது. ஆயினும், கடைவீடுகளின் அருமையும் சுற்றுப்பயணிகளின் வருகையும் விலையை உயர்த்தின. மளிகைக் கடை தரக்கூடிய வாடகையை விடச் சிறு தங்கும் விடுதி தரக்கூடிய வாடகை மிகுதி. எனவே, விலை பேசுவோர் இன்றைய வாடகையை மட்டுமன்றி, நாளை கிடைக்கக்கூடிய உயர்ந்த வாடகையையும் கணக்கிற்கொள்கின்றனர்.

வருவாய்க் கணக்கு

இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குவோம். 200,000 ரிங்கிட்டுக்கு வாங்கிய கடைவீடு மாதம் 1,500 ரிங்கிட் வாடகை தருகிறது எனக் கொள்வோம். ஆண்டு வாடகை 18,000. மதிப்பீட்டு வரி, நிலவரி, காப்புறுதி, பராமரிப்பு ஆகியவற்றுக்கு 4,000 போக எஞ்சுவது 14,000. அதாவது, முதலீட்டில் 7 விழுக்காடு. பின்னர் அதன் விலை 800,000ஆகவும் மாத வாடகை 4,000ஆகவும் உயர்கின்றன. செலவு 8,000 போக எஞ்சுவது 40,000. புதிதாக வாங்குவோருக்கு இது 5 விழுக்காடே. இரு மாதம் கடை பூட்டிக்கிடப்பின் அது 4 விழுக்காடாகிறது. வங்கிக் கடன் வட்டி இதனினும் மிகுமாயின் கைப்பணம் கரையும். விலை உயர்ந்தமையால் முன்னர் வாங்கியவர் பயனடைந்தார். பின்னர் வந்தவருக்கோ வாடகையை மேலும் உயர்த்தும் நெருக்கடி தோன்றுகிறது.

குடியிருப்போரும் மதிப்பும்

அந்நெருக்கடியைத் தாங்குபவர் பூக்கட்டுவோரும் மசாலை வணிகரும் பொற்கொல்லருமே. குயின் வீதி மகா மாரியம்மன் ஆலயத்தைச் சூழ்ந்த தெருக்களுக்கு மக்கள் வருவது இவர்களை நாடியேயாகும். உரிமையாளர் பெறும் இடமதிப்பில் ஒரு பகுதி, இவ்வாறு வாடகைதாரர் உருவாக்கியது. எந்தச் சொத்துப் பத்திரத்திலும் இப்பங்கு பதிவாவதில்லை. இவர்கள் அகன்று, ஒரே வகைக் கடைகள் நிரம்பிய தெருவில் வருகை குன்றினால், உயர்ந்த வாடகையும் நிலைப்பது அரிது.

முடிவுரை

சட்டம், இடம், பயன்பாடு, செலவு, வெற்றுக்காலம், கடன் வட்டி ஆகியன வாடகைச் சொத்தின் வருவாயைத் தீர்மானிக்கும் காரணிகள் எனக் கண்டோம். இவற்றோடு வாடகைதாரரின் நிலைபேற்றையும் ஒரு காரணியாகச் சேர்த்தல் வேண்டும் என்பது நம் கருத்து. நீண்டகால ஒப்பந்தமும் படிப்படியான வாடகை உயர்வும் வணிகருக்குக் காட்டும் சலுகையாகத் தோன்றலாம். முதலீட்டாளரின் வருவாய்க்கும் அவை அரணாகும்.