வால்பரைசோ: குன்றேறிய துறைமுகம்

நீங்கள் நிற்பது கான்செப்சியோன் குன்றின் விளிம்பு. கீழே கடலோரச் சமதளம் ஒரு பட்டை அகலம்தான். அதிலும் ஒரு பகுதி கடலைத் தூர்த்து எடுத்தது. இடம் போதாமல் ஊர் மேலே ஏறியது. மக்களை ஏற்றிவிட 1883-இல் வந்தது இந்த இழுவை ரயில், நகரின் முதலாவது. கம்பிவடத்தின் இரு முனைகளில் இரண்டு பெட்டிகள். இறங்குவதன் கனம் மற்றதை மேலே தூக்க உதவும்.

வீட்டுச் சுவரைத் தட்டினால் தகர ஓசை கேட்கும். மண்ணும் மரமும் மழையில் கரையாதிருக்கப் போர்த்திய நெளிதகடு அது. (வீட்டுக்காரர் எட்டிப்பார்த்தால் நாங்கள் பொறுப்பல்ல.)

ஹார்ன் முனையைச் சுற்றிவந்த கப்பல்கள் இளைப்பாறிய துறை இது. 1906-இல் நிலநடுக்கம் ஊரைக் குலைத்தது. 1914-இல் பனாமா கால்வாய் திறந்ததும் கப்பல்கள் வேறு வழி போயின. அந்த அடியிலிருந்து எழுவதுதான் கடினமாக இருந்தது. பழைய துறைமுகப் பகுதி 2003-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

சாந்தியாகோ சாலையில் காசாபிளாங்கா பள்ளத்தாக்கு. ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்வித்த கடலின் மூடுபனி காலையில் அங்கே புகுந்து வெயிலை மறைக்கும். திராட்சை நிதானமாகப் பழுத்து, புளிப்பை இழக்காது. வெள்ளை ஒயினுக்கு அதுதான் உயிர். அங்கே ஒயின் கொடிகள் நட்டதே 1980-களில்தான். விடியலில் போனால் கொடிகூடத் தெரியாது. நண்பகலுக்கு மேல் போங்கள்.