சக்கரவர்த்தியின் தொண்டையில் ஒரு துணுக்கு

1887 ஜனவரியில் ஜெர்மன் பட்டத்து இளவரசர் பிரெடெரிக்குக்குக் குரல் கம்மியது. வயது 55, புகைக்குழாய்ப் பழக்கம் உள்ளவர். சளி என்றுதான் முதலில் நினைத்தார்கள். கம்மல் விடவில்லை. மார்ச்சில் பெர்லின் பேராசிரியர் கெர்ஹார்ட் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் நுழைத்துப் பார்த்தார். இடது குரல்நாணில் ஒரு சின்னக் கட்டி. மின்சாரத்தால் சூடேற்றிய கம்பியால் அதைச் சுட்டார். சுடச்சுட மறுபடி வளர்ந்தது.

புற்றுநோயாகத்தான் இருக்கும், கழுத்தைத் திறந்து கட்டியை எடுத்துவிடலாம் என்றார் அறுவை நிபுணர் பெர்க்மன். அதற்குள் லண்டனிலிருந்து தொண்டை மருத்துவர் மோரெல் மெக்கன்சி வரவழைக்கப்பட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி: புற்று என்பதற்கு என்ன சான்று? மே 21 அன்று இடுக்கியை வாய்வழியே விட்டுக் கட்டியில் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்தார். அது ருடால்ப் விர்கோவிடம் போனது. நோயைத் திசுக்களின் உயிரணுக்களில் தேட வேண்டும் என்று உலகுக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். நுண்ணோக்கியில் புற்று தென்படவில்லை. அறுவை சிகிச்சை கைவிடப்பட்டது.

விர்கோ சொன்னது தவறா? பின்னர் வந்த துணுக்குகளைப் பற்றிய அறிக்கையில், இதை வைத்து முழு நோயையும் தீர்மானிக்க முடியாது என்று அவரே எச்சரித்திருந்தார். அரண்மனையில் நல்ல செய்தி மட்டும்தான் காதில் விழுந்தது. புற்றின் அடையாளம், உயிரணுக்கள் மேல்தோலைத் தாண்டி அடித் திசுவுக்குள் ஊடுருவுவது. மேலாகக் கிள்ளிய துணுக்கில் அந்த எல்லையே இல்லாமல் போகலாம். போதாக்குறைக்கு, மரு போலத் தடித்து, மேற்பரப்பில் சாதுவாகத் தோன்றும் ஒருவகைப் புற்றும் உண்டு. அமெரிக்க மருத்துவர் ஆக்கர்மன் அதைத் தனி வகையாக விவரித்தது 1948இல்தான். பிரெடெரிக்குக்கு வந்தது அதைச் சேர்ந்ததாக இருக்கலாம் எனப் பிற்கால நோயியலார் சிலர் கருதுகிறார்கள். இன்றைய மருத்துவர் என்றால் சந்தேகம் தீரும்வரை ஆழமாக, திரும்பத் திரும்பத் துணுக்கு எடுப்பார்.

நவம்பரில் இத்தாலியின் சான் ரெமோவில் புதிய கட்டி தெரிந்தது. இப்போது புற்றுதான் என்று மெக்கன்சியும் ஒப்புக்கொண்டார். குரல்வளையையே அகற்றும் அறுவை 1873இல் வியன்னாவில் அறுவை நிபுணர் பில்ராத் தொடங்கிவைத்தது. பலர் பிழைக்காத காலம் அது. பிரெடெரிக் வேண்டாம் என்றுவிட்டார். 1888 பிப்ரவரி 9 அன்று, மூச்சு முட்டிய நிலையில், கழுத்தைத் துளைத்து மூச்சுக்குழலில் குழாய் செருகினார்கள். மார்ச் 9இல் 90 வயதுத் தந்தை முதலாம் வில்ஹெல்ம் இறந்தார். பேச்சே இல்லாத மகன் மூன்றாம் பிரெடெரிக் என்ற பெயரில் சக்கரவர்த்தி ஆனார். அமைச்சர்களுக்கும் மனைவிக்கும் சொல்ல வேண்டியதையெல்லாம் துண்டுக் காகிதங்களில் எழுதிக் கொடுத்தார். பிற்போக்கு உள்துறை அமைச்சர் புட்காமரைப் பதவியிலிருந்து இறக்கியதைத் தவிர ஆட்சியில் பெரிதாக எதுவும் செய்ய அவகாசமில்லை. 99 நாளில், ஜூன் 15 அன்று, காலமானார்.

இவர் பிழைத்திருந்தால் முதல் உலகப்போரே வந்திருக்காது என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தாராளவாதிதான், ஆனால் சான்சலர் பிஸ்மார்க்கை எதிர்த்து நின்று வென்றதாக அதுவரை அவர் வாழ்வில் பெரிய சான்று இல்லை.

பிரேதப் பரிசோதனையில் விர்கோவும் இருந்தார், புற்றுநோய் உறுதியானது. அந்த ஆண்டிலேயே ஜெர்மன் மருத்துவர்கள் மெக்கன்சியைக் குற்றம்சாட்டி அறிக்கை வெளியிட்டார்கள். அவரும் சும்மா இருக்கவில்லை, பதிலுக்கு ஒரு புத்தகமே எழுதினார்.