புனையா ஓவியம்

மார்கழிக் காலையில் சீர்காழித் தெருக்களில் கோலம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். முதலில் வெள்ளைக் கோடு. இழைகளெல்லாம் கூடிய பிறகுதான் காவியும் கலர்ப்பொடியும். கோடு கோணிவிட்டால் எவ்வளவு பொடி தூவினாலும் கோணல் கோணல்தான்.

பெரிய ஓவியங்களுக்கும் இப்படி ஒரு முன்வரைவு உண்டு. நிறம் சேராத அந்தக் கோட்டுருவத்துக்குத் தமிழில் சங்க காலத்திலேயே பெயர் இருக்கிறது: புனையா ஓவியம். நெடுநல்வாடையில், கணவன் போர்க்களம் போயிருக்க நகைகளைக் களைந்து கிடக்கும் அரசிக்கு அதுதான் உவமை. எத்தனை பொருத்தம்! நகை இல்லை, ஆனால் வடிவம் முழுதாக இருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வருவோம். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி, கருவறையைச் சுற்றிய இருட்டு நடையில், நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதைக் கண்டார். சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் ஆராய்ந்து, அவை ஈரச் சுண்ணாம்பின் மேல் தீட்டியவை என்று காட்டினார். சுண்ணாம்புச் சாந்து உலரும்போது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக இறுகும். நிறமும் அதனுள் சிக்கிக்கொள்ளும். அதனால்தான் ஆயிரம் ஆண்டு நின்றது. ஆனால் ஓவியருக்கு அவகாசம் சாந்தின் ஈரம் காயும்வரைதான். யானை எங்கே, அதன் மேல் கயிலைக்குப் போகும் சுந்தரர் எங்கே, திருமணப் பந்தலில் ஓலையும் குடையுமாக வந்து வழக்காடும் கிழவர் எங்கே என்று நிறத்தைத் தொடுமுன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.

இத்தாலியில் ரஃபேல் 'ஏதென்ஸ் பள்ளி' ஓவியத்துக்கு முன்னால் எட்டு மீட்டர் அகலத்தில் காகிதங்களை ஒட்டி உருவங்களைக் கரியால் வரைந்தார். அந்த வரைவு இன்றும் மிலான் நகரில் இருக்கிறது. 1010இல் பெரிய கோயில் எழுந்தபோது தமிழ்நாட்டில் காகிதம் ஏது? அதனால் நம் முன்வரைவுகள் தனியாகக் கிடைப்பதில்லை. நிறத்துக்கு அடியிலேயே தங்கிவிட்டன. எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. அந்தக் கையின் தயக்கத்தையும் திருத்தத்தையும் பார்க்க வழியில்லாமல் போயிற்றே!

கொஞ்சமாவது பார்க்க விரும்புகிறவர்கள் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலுக்குப் போக வேண்டும். எட்டாம் நூற்றாண்டுப் பல்லவர் கோயில் அது. பிராகாரத்துச் சிற்றறை ஒன்றின் சுவரில் நிறம் பெரும்பாலும் உதிர்ந்துபோய்விட்டது. சிவனும் உமையும், நடுவே குழந்தை முருகனும், கோடுகளாக இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.