காளஹஸ்தி நெல்லும் ஜெனீவா கணக்கும்

சுவர்ணமுகி ஆற்றின் கரையில் அமைந்த காளஹஸ்தியை வாயுத் தலமாகவும், கண்ணப்ப நாயனார் தொண்டு புரிந்த இடமாகவும் தமிழ் மக்கள் நெடுங்காலமாக அறிவர். தமிழ் நூல்கள் இவ்வாற்றைப் பொன்முகலி என்று குறிக்கின்றன. 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்து, பின்னர் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்த இவ்வட்டாரம் வேளாண்மையை நம்பி வாழும் வட்டாரமும் ஆகும். ஏரியும் கிணறும் நீர் தரும் நிலங்களில் நெல் விளைகிறது. மேட்டு நிலங்களில் நிலக்கடலை பயிராகிறது.

அறுவடை முடிந்து நெல் களத்தில் குவியும்போது உழவர் முன் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: என்ன விலை கிடைக்கும்? 2025-26 கரீப் பருவத்திற்குச் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். ஈரப்பதம் மிகுந்த நெல்லுடன், கடனை அடைக்கும் அவசரத்துடன், வியாபாரியிடம் பேரம் பேசும் சிறு விவசாயிக்கு இவ்விலை ஒரு பிடிமானம். அவர் அரசுக் கொள்முதல் மையத்தில் விற்றாலும் விற்காவிட்டாலும், வெளிச்சந்தைப் பேரத்தில் இவ்விலை ஓர் அளவுகோலாக நிற்கிறது.

டில்லியில் அறிவிக்கப்படும் இவ்விலை ஜெனீவா நகரிலுள்ள உலக வர்த்தக அமைப்பின் கணக்கேட்டிலும் இடம்பெறுகிறது. அங்கே அது ஒரு மானியமாகக் கருதப்படுகிறது. அதற்கு ஒரு வரம்பும் உண்டு. இந்தியா அவ்வரம்பைக் கடந்துவிட்டது என்ற விவாதம் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. அந்தக் கணக்கு எவ்வாறு போடப்படுகிறது என்பதை அறிந்தால்தான் வேளாண் வர்த்தகச் சீர்திருத்தம் குறித்த சர்வதேசப் பேச்சுவார்த்தைகளின் உட்பொருள் விளங்கும்.

உழவருக்கும் நுகர்வோருக்கும் இடையே

நாட்டில் கடும் உணவுப் பற்றாக்குறை நிலவிய காலத்தில், 1965 ஜனவரியில், வேளாண் விலைக் குழுவும் இந்திய உணவுக் கழகமும் தோன்றின. உணவுக் கழகத்தின் முதல் அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. உழவருக்கு உறுதியான விலை, நுகர்வோருக்குக் கட்டுப்படியாகும் விலை, இரண்டையும் இணைக்கும் அரசுக் கையிருப்பு என்பதே இவ்வமைப்பின் அடிப்படை. ஆந்திரப் பிரதேசத்தில் 1983ஆம் ஆண்டு என்.டி. ராமராவ் அரசு கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி வழங்கத் தொடங்கியது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராம மக்களில் 75 சதவீதம் வரையும் நகர மக்களில் 50 சதவீதம் வரையும் உணவு தானியத்தைச் சட்டப்படியான உரிமையாக்கியது. 2023 ஜனவரி முதல் இத்தானியம் இலவசமாக வழங்கப்படுகிறது.

ஆகவே, களத்து நெல்லின் விலையும் நியாயவிலைக் கடை அரிசியும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகள். ஒன்றைத் தளர்த்தினால் மற்றொன்றும் தளரும்.

உருகுவே சுற்றும் மூன்று தூண்களும்

1947இல் உருவான காட் உடன்படிக்கை தொழிற்பொருள் வர்த்தகத்தையே பெரிதும் முறைப்படுத்தியது. வேளாண்மை பெரும்பாலும் அதன் கட்டுப்பாட்டுக்கு வெளியே நின்றது. அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் தம் விவசாயிகளுக்குப் பெரும் மானியம் அளித்து, மிகுதியான விளைபொருளை மேலும் மானியம் கொடுத்து ஏற்றுமதி செய்தன. இதனால் உலகச் சந்தையில் விலைகள் சரிந்தன. இந்நிலையை மாற்றும் நோக்குடன் 1986 செப்டம்பரில் தொடங்கிய உருகுவே சுற்றுப் பேச்சுவார்த்தை, 1994 ஏப்ரலில் மொராக்கோ நாட்டின் மராகேஷ் நகரில் கையொப்பமான உடன்பாடுகளுடன் நிறைவுற்றது. 1995 ஜனவரி முதல் நாளன்று உலக வர்த்தக அமைப்பு பிறந்தது.

அதன் வேளாண்மை உடன்படிக்கை மூன்று தூண்களின்மீது நிற்கிறது. சந்தை அனுமதி, அதாவது இறக்குமதி வரிகளுக்கு உச்ச வரம்பு விதித்துக் குறைப்பது, முதலாவது. உள்நாட்டு ஆதரவைக் கட்டுப்படுத்துவது இரண்டாவது. ஏற்றுமதி மானியத்தைக் குறைப்பது மூன்றாவது.

இரண்டாம் தூணில் மானியங்கள் பெட்டிகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஆராய்ச்சி, பயிர்நோய்க் கட்டுப்பாடு, உற்பத்தியுடன் தொடர்பில்லாத வருவாய் உதவி முதலியன பச்சைப் பெட்டியில் அடங்கும், இவற்றுக்கு வரம்பில்லை. சந்தை விலையைத் தாங்கும் உதவிகள் மஞ்சள் பெட்டியில் அடங்கும். இவை வரம்புக்கு உட்பட்டவை. வளரும் நாடுகளில் குறைந்த வருவாயுள்ள விவசாயிகளுக்கு அளிக்கப்படும் உரம், மின்சாரம், நீர்ப்பாசனம் போன்ற இடுபொருள் மானியங்களுக்குத் தனி விலக்கு உண்டு.

பேச்சுவார்த்தை தொடங்கிய காலத்தில் மிகுதியான மஞ்சள் பெட்டி மானியம் அளித்து வந்த நாடுகள் அதில் ஒரு பகுதியைக் குறைத்து, எஞ்சியதை உரிமையாகத் தக்கவைத்துக்கொண்டன. அமெரிக்காவுக்கு இவ்வுரிமை ஆண்டுக்கு 1,910 கோடி டாலர். இந்தியா போன்ற நாடுகளுக்கு அத்தகைய உரிமை இல்லை. ஒரு பயிரின் மொத்த உற்பத்தி மதிப்பில் 10 சதவீதம் என்பதே இந்தியாவுக்குள்ள வரம்பு. முன்பு அதிகம் கொடுத்தவர் தொடர்ந்து கொடுக்கலாம். கொடுக்க வசதியற்றிருந்தவர் புதிதாகக் கொடுக்க முயன்றால் வரம்பு குறுக்கிடும். உடன்படிக்கையின் சமனின்மை இங்கே தொடங்குகிறது.

உறைந்துபோன அளவுகோல்

வரம்பைவிட முக்கியமானது மானியத்தை அளக்கும் முறை. விலை ஆதரவு எவ்வளவு என்பதை அறிய, அரசு அறிவித்த விலையிலிருந்து ஓர் ஒப்பீட்டு விலையைக் கழித்து, வரும் வேறுபாட்டைத் தகுதியுள்ள உற்பத்தி அளவால் பெருக்க வேண்டும். அந்த ஒப்பீட்டு விலை இன்றைய உலகச் சந்தை விலையன்று. 1986-88 ஆண்டுகளின் சராசரி விலை. அரிசியைப் பொறுத்தவரை இந்தியாவுக்கு அது டன்னுக்கு 262.51 டாலர், அக்கால நாணய மதிப்பில் சுமார் 3,520 ரூபாய்.

இதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். நூறு கிலோ நெல்லை அரைத்தால் 67 கிலோ பச்சரிசி கிடைக்கும் என்பது அரசுக் கொள்முதலில் பின்பற்றப்படும் விகிதம். அரவைக் கூலியை விடுத்துப் பார்த்தால், 2,369 ரூபாய் நெல் விலைக்கு ஈடான அரிசி விலை குவிண்டாலுக்கு ஏறத்தாழ 3,536 ரூபாய். டன்னுக்கு 35,360 ரூபாய். ஒப்பீட்டு விலையோ டன்னுக்கு 3,520 ரூபாய். ஆக, டன் ஒன்றுக்கு 31,840 ரூபாய் மானியம் என்று கணக்கு காட்டும்! இதில் ஒரு ரூபாய்கூட உழவர் கைக்குக் கூடுதலாக வந்ததாகாது. இடைப்பட்ட நாற்பதாண்டு விலைவாசி உயர்வே மானியமாகத் தோற்றமளிக்கிறது.

இதே கணக்கை டாலரில் போட்டால் விடை மாறுகிறது. டாலருக்கு 85 ரூபாய் எனக் கொண்டால், 35,360 ரூபாய் சுமார் 416 டாலர் ஆகும். வேறுபாடு 153 டாலர் அளவில் நிற்கும். இந்தியா தன் அறிவிக்கைகளை டாலரில் அளிப்பதன் காரணம் இதனால் விளங்கும். ஆயினும் டாலர் கணக்கிலும் 1986-88 விலை மாறுவதில்லை. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தாய்லாந்து அரிசியின் ஏற்றுமதி விலை டன்னுக்கு 600 டாலரைத் தாண்டியிருந்தது. உலக விலை ஆதரவு விலையைவிட உயர்ந்து நின்ற அந்நாளிலும், இச்சூத்திரத்தின்படி இந்திய உழவர் மானியம் பெற்றவராகவே கருதப்படுவார்.

தகுதியுள்ள உற்பத்தி எது என்பது மற்றொரு சர்ச்சை. அரசு உண்மையில் கொள்முதல் செய்த அளவையே இந்தியா கணக்கில் கொள்கிறது. விலை எல்லாருக்கும் பொதுவாக அறிவிக்கப்படுவதால் நாட்டின் மொத்த விளைச்சலையும் சேர்க்க வேண்டும் என்பது அமெரிக்காவின் வாதம். 2018 மே மாதத்தில் அமெரிக்கா அளித்த எதிர் அறிவிக்கையில், 2010-11 முதல் 2013-14 வரையான ஆண்டுகளில் இந்தியாவின் அரிசி ஆதரவு உற்பத்தி மதிப்பில் 70 சதவீதத்திற்கும் மேல் என்று கணக்கிடப்பட்டது. அதே ஆண்டுகளுக்கான இந்தியாவின் கணக்கு 10 சதவீத வரம்புக்குள் நின்றது. வயல் ஒன்று, விளைச்சல் ஒன்று. அளவுகோல் மட்டும் இரண்டு.

எனினும், இந்தியாவின் சொந்தக் கணக்கின்படியே 2018-19இல் வரம்பு மீறப்பட்டது. அவ்வாண்டு 4,367 கோடி டாலர் மதிப்புள்ள அரிசி உற்பத்திக்கு 500 கோடி டாலர் ஆதரவு அளிக்கப்பட்டதாக, அதாவது 11.46 சதவீதம் என, 2020இல் இந்தியா தெரிவித்தது. 2019-20இல் இவ்விகிதம் 13.7 சதவீதமாக உயர்ந்தது.

தோஹா முதல் அபுதாபி வரை

இச்சமனின்மைகளைச் சீர்செய்யும் வாய்ப்பாக 2001 நவம்பரில் தோஹா சுற்று தொடங்கியது. 2003இல் கான்குன் மாநாட்டின்போது இந்தியா, பிரேசில், சீனா முதலிய நாடுகள் ஓரணியில் திரண்டன. மாநாடு உடன்பாடின்றி முடிந்தது. 2008 ஜூலையில் ஜெனீவாவில் நடந்த பேச்சு, திடீரென இறக்குமதி பெருகும்போது வளரும் நாடுகள் எந்நிலையில் வரியை உயர்த்தலாம் என்ற கேள்வியில் முறிந்தது.

2013 டிசம்பரில் பாலி மாநாடு ஓர் இடைக்கால ஏற்பாட்டைக் கண்டது. உணவுப் பாதுகாப்புக்கான அரசுக் கையிருப்புத் திட்டங்கள் வரம்பைக் கடந்தாலும் அவற்றின்மீது வழக்குத் தொடுப்பதில்லை என உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்டன. இது சமாதான விதி என வழங்கப்படுகிறது. நிரந்தரத் தீர்வு காணும் வரை இவ்விதி நீடிக்கும் என்பது 2014 நவம்பரில் தெளிவாக்கப்பட்டது. 2018-19 ஆண்டுக்கு இவ்விதியை நாடி, அதனைப் பயன்படுத்திய முதல் நாடாக இந்தியா ஆனது. 2015இல் நைரோபி மாநாடு ஏற்றுமதி மானியங்களை ஒழிக்க முடிவெடுத்தது. இது உண்மையான சாதனை. ஆனால் கையிருப்புக்கான நிரந்தரத் தீர்வு 2017இல் போனஸ் அயர்ஸிலும் கிட்டவில்லை. 2024இல் அபுதாபியிலும் கிட்டவில்லை.

சமாதான விதிக்கு நிபந்தனைகள் உண்டு. 2013 டிசம்பருக்கு முன் நடைமுறையில் இருந்த திட்டங்களுக்கே அது பொருந்தும். விவரங்களை உரிய காலத்தில் அறிவிக்க வேண்டும். கையிருப்பு பிற நாடுகளின் வர்த்தகத்தைப் பாதிக்கக் கூடாது. இது தற்காப்புக் கேடயமேயன்றி உரிமைப் பத்திரம் அன்று. கேடயம் இல்லாத பயிரின் நிலைக்குக் கரும்பு சான்று. பிரேசில், ஆஸ்திரேலியா, குவாதமாலா ஆகிய நாடுகள் தொடுத்த வழக்கில், கரும்பு விலையைச் செலுத்துவது ஆலைகளே, அரசு அன்று, என்ற இந்தியாவின் வாதத்தை 2021 டிசம்பரில் நடுவர் குழு ஏற்க மறுத்தது. இந்தியா மேல்முறையீடு செய்தது. ஆனால் 2019 டிசம்பர் முதல் மேல்முறையீட்டு அமைப்பு செயலிழந்து கிடக்கிறது.

மறுபக்க நியாயம்

எதிர்த்தரப்பு வாதத்திலும் உண்மை இல்லாமல் இல்லை. உலக அரிசி ஏற்றுமதியில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் இந்தியாவினுடையது. ஆதரவு விலையில் கொள்முதலான அரிசி மறைமுகமாக ஏற்றுமதிச் சந்தையைத் தொடுமானால், தாய்லாந்து, வியட்நாம், பாகிஸ்தான் உழவர்களும் பாதிக்கப்படுவர். 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்து, 2024 செப்டம்பரில் நீக்கியபோது, அரிசியை இறக்குமதி செய்யும் ஏழை நாடுகள் விலை ஏற்றத்தை உணர்ந்தன.

மேலும், உழவரின் இன்னல்கள் அனைத்தும் ஜெனீவாவிலிருந்து வருவன அல்ல. இதற்குக் காளஹஸ்தியின் மேட்டு நிலப் பயிரான நிலக்கடலையே சான்று. 1986இல் தொடங்கிய எண்ணெய்வித்துத் தொழில்நுட்ப இயக்கத்தால் நாட்டின் எண்ணெய்வித்து உற்பத்தி எட்டே ஆண்டுகளில் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. சோயா எண்ணெய்க்கு மட்டும் 45 சதவீத உச்ச வரம்பை ஏற்றிருந்த இந்தியா, பாமாயில் உள்ளிட்ட பெரும்பாலான சமையல் எண்ணெய்களுக்கு 300 சதவீதம் வரை வரி விதிக்கும் உரிமையை உருகுவே சுற்றில் பெற்றிருந்தது. ஆயினும் 1995இல் 30 சதவீதமாகக் குறைக்கப்பட்ட சமையல் எண்ணெய் இறக்குமதி வரி 1998இல் 15 சதவீதமாயிற்று. மலிவான பாமாயிலுடன் கடலை எண்ணெய் போட்டியிட நேர்ந்தது. 2024 செப்டம்பரில் கச்சா எண்ணெய்வகைகளுக்கு 20 சதவீதமாக உயர்த்தப்பட்ட அடிப்படை வரி, 2025 மே மாத இறுதியில் 10 சதவீதமாக்கப்பட்டது. நுகர்வோரின் நலன் கருதி இம்முடிவுகள் எடுக்கப்பட்டிருக்கலாம். ஆனால் அவற்றை எந்தச் சர்வதேச உடன்படிக்கையும் கட்டாயப்படுத்தவில்லை. நெல்லுக்குப் போதிய உரிமை இல்லை. நிலக்கடலைக்கு இருந்த உரிமை பயன்படுத்தப்படவில்லை.

செய்ய வேண்டியவை

நிரந்தரத் தீர்வின் கரு ஒப்பீட்டு விலையைத் திருத்துவதே. அண்மை ஆண்டுகளின் சராசரி விலையை எடுத்துக்கொள்வதும், பணவீக்கத்தைக் கழித்துக் கணக்கிடுவதும் ஏற்கத்தக்க வழிகள். மிகுதியான பணவீக்கத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று வேளாண்மை உடன்படிக்கையின் 18ஆம் பிரிவே கூறுகிறது. இது சலுகையன்று, கணக்குப் பிழையைத் திருத்துவதே.

அதேவேளையில் உள்நாட்டுக் கடமைகளும் உள்ளன. தேவைக்கு மிஞ்சிய கையிருப்பைத் தவிர்ப்பது, கொள்முதல் விவரங்களைக் காலந்தவறாமல் தெரிவிப்பது, நெல்லுக்கு மட்டும் கிடைக்கும் விலை உறுதியைப் பருப்புக்கும் எண்ணெய்வித்துக்கும் விரிவாக்குவது ஆகியவை இந்தியாவின் வாதத்திற்கு வலுவூட்டும். கொள்முதல் மையத்தில் எடையிடப்படும் ஒவ்வொரு மூட்டையின் பதிவும் சேர்ந்துதான் இறுதியில் ஜெனீவாவில் தாக்கலாகும் அறிவிக்கை ஆகிறது. ஆகவே, அப்பதிவைப் பிழையின்றி எழுதும் கீழ்நிலை அலுவலரும் இப்பேச்சுவார்த்தையில் பங்குடையவரே.

காளஹஸ்திக் களத்தில் நெல்லைத் தூற்றும் உழவர் ஜெனீவாவை அறிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் பெறும் விலையை அளக்கும் கோல் அவர் வாழும் காலத்துக்குரியதாக இருக்க வேண்டும்.