கடல் திருப்பிக் கொடுக்கும்!

ராமேசுவரம் கரையில் ஒதுங்கும் குப்பை சொல்லும் பாடம்

ராமேசுவரம் தீவின் கடைசி முனை தனுஷ்கோடி. ஒரு பக்கம் அமைதியான கடல். மறு பக்கம் ஆர்ப்பரிக்கும் கடல். நடுவே மணல்.

2025-ம் ஆண்டு ஜூன் மாதம் அந்த மணலில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒதுங்கியது.

பார்த்தால் சவ்வரிசி போல் இருந்தது. ஆனால் அது சவ்வரிசி அல்ல. எத்தனை நாள் ஊற வைத்தாலும் ஊறாது. மண்ணில் புதைத்தாலும் மக்காது.

அது என்ன?

பிளாஸ்டிக் மணிகள்! குடம், வாளி, பை முதலிய பொருள்களைச் செய்வதற்காகத் தொழிற்சாலைகளில் உருக்கும் மூலப்பொருள் அது.

தனுஷ்கோடியில் பிளாஸ்டிக் தொழிற்சாலை எதுவும் இல்லை. பிறகு எப்படி வந்தது?

கப்பல் மூழ்கியது

2025-ம் ஆண்டு மே மாதம் 'எம்.எஸ்.சி. எல்சா-3' என்ற சரக்குக் கப்பல் விழிஞ்ஞத்தில் இருந்து கொச்சிக்குப் புறப்பட்டது. வழியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மே 25-ந் தேதி கடலில் மூழ்கியது. கப்பலில் இருந்த 24 பேரும் காப்பாற்றப்பட்டார்கள்.

ஆனால் சரக்கு?

கப்பலில் 640 பெட்டகங்கள் இருந்தன. அவற்றில் 13 பெட்டகங்களில் ஆபத்தான சரக்கு. 12 பெட்டகங்களில் கார்பைடு. தண்ணீர் பட்டால் தீப்பற்றும் வாயுவைக் கிளப்புகிற கல் அது.

பிளாஸ்டிக் மணி மூட்டைகளும் கடலில் விழுந்தன. அலை அடித்து மூட்டைகள் கிழிந்தன. மணிகள் மிதந்தன.

அது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். கேரளக் கரையில் ஒதுங்கிய மணிகள், கன்னியாகுமரிக் கரைக்கும் வந்தன. அங்கெல்லாம் தொழிலாளர்களும் தொண்டர்களும் மணலைச் சலித்துச் சலித்துப் பொறுக்கினார்கள். அதன் பிறகு தனுஷ்கோடி!

மீன் முட்டையும் இப்படித் தான் வெள்ளையாக உருண்டையாக இருக்கும். இரை என்று நினைத்து மீன் இதை விழுங்கிவிடும்.

எங்கோ விழுந்த பொருள் எங்கோ வந்து சேர்ந்தது. கடலுக்கு மாநில எல்லை கிடையாது.

நம் கை செய்வது

"கப்பல் மூழ்கினால் நாம் என்ன செய்ய முடியும்?" என்று கேட்கலாம்.

கப்பல் என்றோ ஒரு நாள் மூழ்குகிறது. ஆனால், நம் கையில் இருந்து தினமும் விழும் குப்பை?

ராமேசுவரம் ஒரு தீவு. 1914-ம் ஆண்டு ரெயில் பாலம் வந்தது. 1988-ம் ஆண்டு சாலைப் பாலம் வந்தது. 2025-ம் ஆண்டு புதிய ரெயில் பாலம் திறக்கப்பட்டது. காசியில் இருந்தும் கல்கத்தாவில் இருந்தும் பக்தர்கள் வருகிறார்கள். அவர்களோடு தண்ணீர் பாட்டில் வருகிறது, சாப்பாட்டுப் பொட்டலம் வருகிறது, பை வருகிறது.

பக்தர்கள் தரிசனம் முடிந்து ஊர் திரும்புகிறார்கள். பாட்டிலும் பொட்டலமும் திரும்புவதில்லை. அவை தீவிலேயே தங்கிவிடுகின்றன.

தீவில் தூரமாகக் கொட்ட இடம் ஏது? எந்தப் பக்கம் போனாலும் கடல் தான். நிலமோ மணல் பூமி. மழை பெய்தால் தண்ணீர் உடனே கீழே இறங்கும். குப்பை மேட்டில் விழும் மழை, அழுக்கையும் விஷத்தையும் கரைத்துக்கொண்டு இறங்கும். அது கிணற்றுத் தண்ணீரைத் தேடிப் போகும்.

தீர்த்தக் கரையில் துணி

ராமநாதசுவாமி கோவிலுக்குக் கிழக்கே அக்னி தீர்த்தம். பக்தர்கள் கடலில் நீராடி விட்டு, கோவிலுக்குள் உள்ள 22 தீர்த்தங்களில் நீராடப் போவார்கள்.

நீராடிய துணியைக் கடலிலேயே விட்டுவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. பாவமும் பீடையும் துணியோடு போகும் என்பது அவர்கள் நம்பிக்கை.

அந்தக் காலத்துத் துணி பருத்தி நூல். நாளடைவில் மக்கிவிடும். இன்றையத் துணியில் பெரும்பாலும் பாலியெஸ்டர் கலந்திருக்கிறது. அதுவும் பிளாஸ்டிக்கே! மக்காது. மணலில் புதைந்து, அடுத்து வந்து நீராடுகிறவர் காலைச் சுற்றும். நகராட்சித் தொழிலாளி அதை இழுத்துக் கரை சேர்க்க வேண்டும்.

ஒருவர் விட்டுப் போன பீடை இன்னொருவர் காலைச் சுற்றலாமா? நம்பிக்கையோடு நீராடலாம். ஈரத் துணியை ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லலாம். அதனால் புண்ணியம் குறைந்துவிடாது.

பேய் வலை

ராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை, மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாக அமைந்தன. அவற்றில் இரண்டு, பின்னர் கடலில் மூழ்கிவிட்டன. 1986-ம் ஆண்டு இந்தத் தீவுகளும் சுற்றியுள்ள கடலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன.

இங்கே பவளப் பாறைகள் இருக்கின்றன. மீன் குஞ்சுகளுக்கு அது தான் தொட்டில். கடற்புல் வளருகிறது. ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் கடற்பசுவுக்கு அது தான் மேய்ச்சல் நிலம். பாம்பன் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கி, பாசி எடுத்துப் பிழைக்கிறார்கள்.

தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் இந்தப் பவளப் பாறைகளை ஆராய்ந்தார்கள். 2020-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள்.

1,152 ஹெக்டேர் பவளப் பாறைப் பரப்பில் குப்பை படிந்து கிடந்தது. அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் என்ன தெரியுமா? கைவிட்ட மீன்பிடி வலைகள்!

இதைப் 'பேய் வலை' என்கிறார்கள். பிடிப்பதற்கு ஆள் இல்லை. ஆனால், பிடித்துக்கொண்டே இருக்கும். மீன் சிக்கும், நண்டு சிக்கும், ஆமை சிக்கும். சிக்கியது அங்கேயே சாகும். வலை பாறையில் மாட்டிக்கொண்டு, பவளத்தை ஒடிக்கும். அதற்கு வெயில் படாமல் மறைக்கும்.

தாத்தா காலத்து வலை பருத்தி நூல் வலை. தொலைந்தாலும் மக்கிவிடும். இன்றைய நைலான் வலை மக்காது. மீன் குறைந்தால் யார் வீட்டில் அடுப்பு எரியாது? வலை போட்ட மீனவர் வீட்டில் தான்!

பூனை ஆடியது

ஜப்பானில் மினமாட்டா என்று ஒரு மீனவர் ஊர். அங்கே பூனைகள் திடீர் என்று துள்ளின. தலைகீழாகச் சுழன்றன. கடலில் விழுந்து செத்தன.

பிறகு மனிதர்களுக்கும் வந்தது. கை கால் நடுங்கியது. பேச்சுக் குழறியது. பார்வை மங்கியது. 1956-ம் ஆண்டு மே 1-ந் தேதி இந்த நோய் பற்றி அதிகாரிகளுக்குத் தகவல் போனது. முதலில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் குழந்தைகள்!

காரணம் என்ன?

சிஸ்ஸோ என்ற ரசாயனத் தொழிற்சாலை, பாதரசம் கலந்த கழிவை விரிகுடாவில் விட்டது. அதைச் சிறு பூச்சிகள் உண்டன. பூச்சியை மீன் உண்டது. மீனைப் பூனையும் மனிதனும் உண்டார்கள். படிக்குப் படி விஷம் ஏறியது.

தாய்க்கு நோய் தெரியவில்லை. ஆனால், வயிற்றில் இருந்த குழந்தை ஊனத்தோடு பிறந்தது.

தொழிற்சாலைக் கழிவு தான் காரணம் என்று ஜப்பான் அரசாங்கம் ஒப்புக்கொண்டது 1968-ம் ஆண்டில். அதற்குள் 12 ஆண்டுகள் ஓடிவிட்டன!

கடலில் கொட்டியது, சாப்பாட்டுத் தட்டுக்குத் திரும்பி வந்தது.

வீட்டில் இருக்கும் விஷம்

"நம் வீட்டில் தொழிற்சாலையா இருக்கிறது?" என்று நினைக்க வேண்டாம்.

காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடிக் கருவியில் பாதரசம் இருக்கிறது. டியூப் லைட்டிலும் கொஞ்சம் இருக்கிறது. வண்டி பேட்டரியில் ஈயமும் அமிலமும் இருக்கின்றன. பூச்சி மருந்து டப்பா, பெயிண்ட் டப்பா, காலாவதியான மாத்திரை, ஊசி எல்லாமே ஆபத்தான கழிவு தான். படகு எஞ்சினில் இருந்து இறக்கும் பழைய எண்ணெயும் அப்படியே.

ஒரு வீட்டில் இருப்பது கொஞ்சம் தான். ஆனால், ஊர் முழுவதும் கொட்டினால்?

ஊசியைக் குப்பையில் போட்டால், குப்பை அள்ளுகிறவர் கையில் குத்தும். அவரும் ஒரு குடும்பத்தின் தகப்பன், அல்லது தாய்.

"கொளுத்திவிட்டால் போச்சு!" என்பார்கள் சிலர். குப்பை போகாது. புகையாக மாறும். பிளாஸ்டிக் புகையில் விஷம் உண்டு. முதலில் அதைச் சுவாசிப்பது, வாசலில் விளையாடும் குழந்தை.

கொளுத்தாமல் கொல்லையில் வீசினாலும் தொல்லை தான். தேங்காய் ஓடு, பழைய டயர், காகிதக் கோப்பை இவற்றில் மழைத் தண்ணீர் தேங்கும். டெங்கு கொசு முட்டை இட அந்தத் தண்ணீர் போதும்.

மூன்று கூடைகள்

அப்படியானால் என்ன செய்வது?

செலவு இல்லாத வழி இருக்கிறது. குப்பையை வீட்டிலேயே பிரிக்க வேண்டும். 2016-ம் ஆண்டு மத்திய அரசாங்கம் கொண்டுவந்த விதிகள் மூன்றாகப் பிரிக்கச் சொன்னது இதனால் தான்.

முதல் கூடை: மக்கும் குப்பை. காய்கறித் தோல், மீன் செதிள், மிஞ்சிய சோறு, பூ, இலை. வீட்டுக் குப்பையில் ஏறக்குறைய பாதி இது தான். குழியில் போட்டு, மேலே மண்ணும் சருகும் தூவினால் சில மாதங்களில் எரு ஆகும். முருங்கைக்கும் வாழைக்கும் போடலாம்.

இரண்டாம் கூடை: மக்காத குப்பை. பாட்டில், தகரம், கண்ணாடி, பிளாஸ்டிக். இதை ஈரம் படாமல் வைத்தால் விலை உண்டு. பழைய பேப்பர்க்காரர் வாங்குவார். சோற்றுடன் கலந்துவிட்டால் யாரும் தொடமாட்டார்கள்.

மூன்றாம் கூடை: ஆபத்தான குப்பை. இது குழந்தைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். ஊசியைத் தடித்த டப்பாவில் போட்டு மூட வேண்டும். டியூப் லைட்டை உடைக்கக் கூடாது. தனியாக, "இது ஆபத்தானது" என்று சொல்லித் துப்புரவுத் தொழிலாளியிடம் கொடுக்க வேண்டும்.

இதற்கு மேல் ஒரு வழி உண்டு. குப்பையே சேராமல் பார்த்துக்கொள்வது! ஒரு தடவை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாடு அரசாங்கம் 2019-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் தடை செய்தது. கடைக்குப் போகும் போது மஞ்சள் பை. யாத்திரை போகும் போது வீட்டுத் தண்ணீர்க் குப்பி. மீனவர்கள் கிழிந்த வலையைக் கடலில் விடாமல் கரைக்குக் கொண்டுவரலாம். நைலானை உருக்கி மறுபடியும் நூல் ஆக்க முடியும்.

பிரித்தால் மட்டும் போதாது. பிரித்த குப்பையை நகராட்சி வண்டி மறுபடியும் ஒன்றாகக் கலந்துவிட்டால், வீட்டுக்காரி பட்ட பாடு வீண். பிரித்துக் கொடுப்பது குடும்பத்தின் கடமை. பிரித்தபடியே எடுத்துச் செல்வது நகராட்சியின் கடமை. கேட்டு வாங்குவது ஊராரின் உரிமை.

கடல் கடன்காரன் அல்ல. கொடுத்ததை வைத்துக்கொள்ளாது. ஒரு நாள் திருப்பிக் கொடுக்கும்.

கரையில் சவ்வரிசி போலக் கொடுக்கும். அல்லது, குழம்புச் சட்டியில் மீனோடு கொடுக்கும்!