தடைதாண்டும் குதிரைப் பந்தயம்: பயிற்சியாளர், ஜாக்கி சாதனைகளை மதிப்பிடுதல்

குதிரைகள் வேலிகளையும் நீர்ப்பள்ளங்களையும் தாண்டி ஓடும் பந்தயம் தடைதாண்டும் குதிரைப் பந்தயம் எனப்படும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இதற்கு நேஷனல் ஹன்ட் என்று பெயர். சென்னை கிண்டி போன்ற இந்தியத் திடல்களில் நாம் அறிந்தது தடையற்ற சமதரைப் பந்தயம். அது ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். தடைதாண்டலில் மிகக் குறுகிய ஓட்டமே ஏறத்தாழ இரண்டு மைல். லிவர்பூல் அருகே எயின்ட்ரியில் நடக்கும் கிராண்ட் நேஷனல் நான்கு மைலுக்கும் அதிகம். அதில் 30 தாண்டல்கள் உண்டு. ஓடத் தொடங்கிய குதிரை கடைசிவரை நின்று ஓடும் என்பதற்கே உறுதியில்லை. விழுவது, சவாரியாளரைத் தள்ளிவிடுவது, களைத்த குதிரையை ஜாக்கியே பாதியில் நிறுத்திவிடுவது எல்லாம் அன்றாட நிகழ்ச்சிகள். எனவே இத்துறையில் ஒருவரது சாதனைக் கணக்கைப் படிப்பதற்குக் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

குதிரையை லாயத்தில் வைத்துத் தயார்ப்படுத்தி, எந்தப் பந்தயத்தில் எப்போது ஓடவேண்டும் என்று முடிவு செய்பவர் பயிற்சியாளர். பந்தய நாளில் அதை ஓட்டுபவர் ஜாக்கி. பெரும்பாலும் குதிரை இவ்விருவருக்கும் சொந்தமில்லை, உரிமையாளர் வேறொருவர். யாருடைய கணக்கு நன்றாகத் தெரிகிறதோ அவரிடம்தான் உரிமையாளர் அடுத்த குதிரையை ஒப்படைப்பார். ஆகவே தவறாகப் படிக்கப்பட்ட ஓர் எண் ஒருவரது பிழைப்பையே பாதிக்கக்கூடும்.

இரண்டு பட்டங்கள், இரண்டு அளவுகோல்கள்

பிரிட்டனில் தடைதாண்டும் பருவம் ஏப்ரல் இறுதியில் சாண்டவுன் திடலில் முடிகிறது. அன்று சிறந்த ஜாக்கி, சிறந்த பயிற்சியாளர் பட்டங்கள் வழங்கப்படுகின்றன. ஜாக்கிப் பட்டம் வெற்றிகளின் எண்ணிக்கைக்கு உரியது. பயிற்சியாளர் பட்டமோ குதிரைகள் ஈட்டிய பரிசுத்தொகைக்கு உரியது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இவ்வேறுபாட்டை எளிதில் தவறவிடுகிறார்கள்.

பரிசுத்தொகையை அளவுகோலாக வைத்தால் பெரிய பந்தயங்களின் எடை மிக அதிகமாகிவிடும். கிராண்ட் நேஷனலின் மொத்தப் பரிசு பத்து லட்சம் பவுண்டு. முதலிடத்துக்கு மட்டும் ஐந்து லட்சம். சிறு திடலில் சாதாரண வாரநாளில் நடக்கும் பந்தயத்தின் பரிசு சில ஆயிரங்கள்தான். 2012இல் நெப்டியூன் கொலாஞ்ச் என்ற குதிரை மூக்களவு வித்தியாசத்தில் கிராண்ட் நேஷனலை வென்றது. அந்த வெற்றி பால் நிக்கல்சுக்கு அப்பருவத்தின் பட்டத்தை ஏறத்தாழ உறுதியாக்கியது.

அயர்லாந்தின் வில்லி மல்லின்ஸ் 2023-24 பருவத்தில் பிரிட்டிஷ் பட்டத்தையே வென்றார். வின்சென்ட் ஓ'பிரையன் 1953-54இல் வென்ற பிறகு அயர்லாந்தைத் தளமாகக் கொண்ட எவரும் அதைப் பெற்றதில்லை. அடுத்த பருவத்தில் இங்கிலாந்தின் டான் ஸ்கெல்டன் நெடுநாள் முன்னிலையில் இருந்தார். ஆனால் 2025 கிராண்ட் நேஷனலில் மல்லின்சின் குதிரைகள் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. போட்டி கடைசி நாள்வரை நீண்டது; பட்டம் மீண்டும் மல்லின்சுக்கே போனது. ஸ்கெல்டன் பருவம் முழுவதும் பிரிட்டிஷ் திடல்களில் குதிரைகளை இறக்கியவர். மல்லின்ஸ் பெரும்பாலும் வசந்தகாலப் பெரிய விழாக்களைக் குறிவைத்துக் கடல் கடந்து வந்தவர். ஒரே பட்டியலில் இருவர் பெயரும் அடுத்தடுத்து இருந்தாலும் இருவரும் செய்தது ஒரே வேலையல்ல.

எண்ணிக்கையை அளவுகோலாக வைத்தால் எதிர்ப்பக்கக் கோணல் வரும். டோனி மெக்காய் 1995-96 முதல் 2014-15 வரை தொடர்ந்து 20 முறை சிறந்த ஜாக்கி. தடைதாண்டலில் அவரது வெற்றிகள் 4,300க்கும் மேல். 2001-02 பருவத்தில் மட்டும் 289. எந்த ஊரில் எந்தப் பந்தயம் நடந்தாலும் அவர் போவார். சிறு திடலின் கடைசிப் பந்தயமும் அவர் கணக்கில் ஒன்றுதான். ரூபி வால்ஷின் மொத்த வெற்றிகள் 2,700ஐச் சற்றுத் தாண்டியவை. அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் மாறி மாறிப் பறந்த அவர் பிரிட்டிஷ் பட்டத்துக்கான ஓட்டத்திலேயே இல்லை. ஆனால் மார்ச் மாதம் நான்கு நாள் நடக்கும் செல்ட்டனம் விழாவில் வால்ஷ் பெற்றவை 59 வெற்றிகள். மெக்காய் பெற்றவை 31. யார் பெரியவர் என்ற பழைய வாதத்தில் இரு தரப்பும் தமக்கு வசதியான எண்ணைத்தான் எடுத்துக்கொள்கின்றன. என் பார்வையில், 20 ஆண்டுகள் உடல் தாங்கியதே மெக்காயின் பெரிய சாதனை. வெற்றி எண்ணிக்கை அதை மறைமுகமாகத்தான் சொல்கிறது.

காயம் இந்தப் பட்டியலில் எங்கும் எழுதப்படாத ஒரு பத்தி. 2014-15இல் மெக்காய் முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் வெற்றிகளைக் குவித்துவந்தார். அக்டோபரில் ஏற்பட்ட காயம் அந்த ஓட்டத்தை முறித்தது. 16 முறை மெக்காய்க்கு அடுத்த இடத்தில் நின்று, அவர் ஓய்வுபெற்றபின் நான்கு பட்டங்கள் வென்ற ரிச்சர்ட் ஜான்சன், 2020 ஜனவரியில் கை முறிந்ததால் ஐந்தாவதை இழந்தார். 1981-82இல் நடந்தது இன்னும் விசித்திரம். 120 வெற்றிகளோடு முன்னிலையில் இருந்த பீட்டர் ஸ்குடமோர் காயத்தால் விலகினார். ஜான் பிரான்கோம் 120ஐ எட்டியதும் அந்தப் பருவத்தில் மேற்கொண்டு ஓட்டாமல் நிறுத்திக்கொண்டார். பட்டம் இருவருக்கும் பகிரப்பட்டது. இக்கதை தெரியாமல் பட்டியலைப் பார்ப்பவருக்கு அது வெறும் சமநிலை.

வெற்றி விகிதமும் அதன் எல்லையும்

எண்ணிக்கையின் குறையைச் சரிசெய்யப் பலர் வெற்றி விகிதத்தை நாடுகிறார்கள். 1,000 சவாரிகளில் 150 வென்றவரின் விகிதம் 15%. 300இல் 60 வென்றவரின் விகிதம் 20%. இரண்டாமவரே சிறந்தவர் என்று சொல்லிவிட முடியாது. அவர் ஒரு பெரிய லாயத்தின் முதல் ஜாக்கியாக இருந்து, வெல்லக்கூடிய குதிரைகளை மட்டும் ஓட்டியிருக்கலாம். முதலாமவர் கிடைத்ததையெல்லாம் ஓட்டியிருக்கலாம்.

குதிரையின் தரத்தைக் கணக்கில் சேர்க்க ஒரு வழி, பந்தயச் சந்தையின் விலையைப் பயன்படுத்துவது. ஒரு பவுண்டு கட்டினால் நான்கு பவுண்டு லாபம் என்ற விலையில் உள்ள குதிரைக்குச் சந்தை தரும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று. அத்தகைய 100 குதிரைகளை ஓட்டினால் ஏறத்தாழ 20 வெற்றிகளை எதிர்பார்க்கலாம். 24 கிடைத்தால், உண்மை வெற்றியை எதிர்பார்ப்பால் வகுக்க 1.2 வரும். பந்தய முகவர்கள் தம் லாபத்தையும் விலைக்குள் சேர்த்திருப்பதால், பொதுவாக இந்த எண் 1க்குச் சற்றுக் கீழேதான் நிற்கும். புகழ்பெற்ற ஜாக்கி ஓட்டுகிறார் என்பதற்காகவே மக்கள் பணம் கட்டி விலையைக் குறைத்துவிடுவதும் உண்டு. அப்போது அவரது திறமை ஏற்கெனவே விலைக்குள் போய்விடுவதால், இக்கணக்கில் அவர் சாதாரணமாகத் தெரிவார்.

சிறிய எண்ணிக்கைகளை நம்பக்கூடாது. ஒவ்வொரு சவாரியிலும் 20% வெல்லும் வாய்ப்புள்ளவர் தொடர்ந்து 10 முறை தோற்பதற்கான வாய்ப்பு 0.8ஐப் பத்து முறை பெருக்க வருவது, அதாவது சுமார் 11%. தொடர்ந்து 20 தோல்விக்கு 1% சொச்சம். ஆனால் அவர் பருவத்தில் 500 முறை ஓட்டினால், அப்படியொரு 20 தோல்வித் தொடர் எங்காவது ஒருமுறை வந்துசேர மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. நாளிதழ்கள் ‘சரிவு’ என்று தலைப்பிடும் பல தொடர்கள் இவ்வகையே.

இளம் ஜாக்கிகளின் விகிதத்தைப் படிக்கும்போது எடைச் சலுகையை மறக்கக்கூடாது. பிரிட்டனில் 20 வெற்றிகள் வரை அவர்களது குதிரை 7 பவுண்டு (சுமார் 3.2 கிலோ) குறைவாகச் சுமக்கலாம். 40 வரை 5 பவுண்டு, 75 வரை 3 பவுண்டு. 75ஐ எட்டியதும் சலுகை போய்விடுகிறது. அதோடு பலருக்குச் சவாரிகளும் குறைகின்றன. அவர்கள் மோசமாக ஓட்டத் தொடங்கினார்கள் என்பது அதற்குப் பொருளன்று.

குதிரைகள் இடம் மாறும்போது

2016 செப்டம்பரில் கிகின்ஸ்டவுன் என்ற பெரிய உரிமையாளர் நிறுவனம், பயிற்சிக் கட்டணம் பற்றிய கருத்து வேறுபாட்டால் மல்லின்சிடமிருந்து 60 குதிரைகளை விலக்கிக்கொண்டது. அவற்றில் பல அவரது முக்கியப் போட்டியாளர் கார்டன் எலியட்டிடம் சென்றன. ஒரே இரவில் இருவரின் திறமையும் மாறிவிடவில்லை. மாறியது லாயத்தின் சரக்கு. அப்பருவத்தின் ஐரிஷ் பட்டத்தை மல்லின்ஸ் இறுதியில் தக்கவைத்தார். அவர் வேறு பல பருவங்களில் பெரிய வித்தியாசத்தில் வென்றதைவிட இதை நான் மேலாக மதிப்பேன்.

வாய்ப்பின் கதைக்கு ரேச்சல் பிளாக்மோர் தெளிவான சான்று. 2021 செல்ட்டனம் விழாவில் ஆறு வெற்றிகளோடு முதன்மை ஜாக்கியானார். அடுத்த மாதம் மினெல்லா டைம்ஸ் மீது கிராண்ட் நேஷனலை வென்ற முதல் பெண்ணும் ஆனார். அவருக்கு முன்பும் திறமையான பெண் ஜாக்கிகள் இருந்தனர். முதல்தரக் குதிரைகள் தொடர்ந்து அவர்களுக்குக் கிடைத்தது அரிது. அதே விழாவின் கோல்டு கப்பில் ஹென்றி டி புரோம்ஹெட்டின் இரு குதிரைகளில் ஏ பிளஸ் டார்டை அவர் ஓட்டினார். ஜாக் கென்னடி ஓட்டிய மற்றொன்றான மினெல்லா இண்டோ வென்றது. மறு ஆண்டு வரிசை தலைகீழானது: ஏ பிளஸ் டார்ட் முதலிடம், மினெல்லா இண்டோ இரண்டாமிடம்.

வெற்றுக் கட்டங்கள்

15 முறை சிறந்த பயிற்சியாளரான மார்ட்டின் பைப், குதிரைகளின் உடற்தகுதியில் புரட்சி செய்தவர். ஆனால் செல்ட்டனம் கோல்டு கப்பை ஒருமுறையும் வென்றதில்லை. ரிச்சர்ட் ஜான்சன் 21 முறை கிராண்ட் நேஷனலில் ஓட்டி ஒருமுறையும் வெல்லவில்லை. இதை வைத்து அவர்களைக் குறைத்து மதிப்பிடுவது ஆண்டுக்கு ஒரே ஒருமுறை நடக்கும் பந்தயத்துக்கு அளவுக்கு மீறிய எடை கொடுப்பதாகும். மறுபக்கம், கார் வணிகம் செய்துகொண்டே சவுத்போர்ட்டில் சிறு லாயம் நடத்திய ஜிஞ்சர் மெக்கெயின் எந்தப் பருவத்திலும் பட்டத்துக்குப் போட்டியிட்டவரல்லர். கடற்கரை மணலில் பயிற்றுவித்த ரெட் ரம் என்ற குதிரையோடு 1973, 1974, 1977 ஆகிய ஆண்டுகளிலும், பின்னர் 2004இல் ஆம்பர்லி ஹவுசோடும் அவர் கிராண்ட் நேஷனலை வென்றார். பயிற்சியாளர்களில் அந்த நான்கு வெற்றிகளுக்கு ஈடாக நிற்பவர்களில் ஒருவர் பிரெட் ரிமெல்.