விழா விசா: காசு கட்ட முன்னம் தெரிந்திருக்க வேண்டியவை

மாசி, பங்குனி மாதங்களில் கிளிநொச்சியின் அக்கராயன் குளத்துக்குக் கீழே காலபோக நெல் வெட்டி விற்றவர்களின் கையில் கொஞ்சம் காசு புழங்கும். ஐரோப்பாவின் கோடை விழாக்களுக்கு விசா விண்ணப்பிக்கும் காலமும் அதுதான். ஒரே விசாவில் போகக்கூடிய செங்கன் நாடுகளுக்குப் பயணத் திகதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். இந்த இரண்டும் ஒன்றாக வருவதை ஏஜென்சிக்காரர் எங்களைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். "கச்சேரிக் குழுவில ஒரு இடம் இருக்கு அண்ணை, தம்பியை ஏத்தி விடலாம். இறங்கினாப் பிறகு அவன்ர கெட்டித்தனம்" என்று படலையடிக்கு வருவார்கள்.

அவர்கள் சொல்லும் விழாக்கள் பொய்யல்ல. ஜேர்மனியின் ஹம் நகரில் காமாட்சி அம்பாள் தேர், பாரிஸில் மாணிக்க விநாயகர் தேர், கனடாவின் ஸ்காபரோவில் 2015 முதல் ஓகஸ்ட் மாதத்தில் நடந்துவரும் தமிழர் தெருவிழா என்று மே தொடக்கம் செப்டெம்பர் வரை அங்குள்ள எங்கள் சனத்துக்கு ஓய்வில்லை. ஈழத்து நாதஸ்வர, தவில் வித்துவான்கள் கோயில் திருவிழாக்களுக்கு அழைக்கப்பட்டு முறையாகப் போய், வாசித்து, சன்மானத்தோடு திரும்புகிறார்கள். பாட்டுக் கேட்கவும் சொந்தக்காரரைப் பார்க்கவும் ஒரு கோடையில் போய்வர ஆசைப்படுவதிலும் குற்றம் எதுவும் இல்லை. உண்மையான விழாவின் பெயரை வைத்துப் பொய்யான பயணத்தை விற்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

இந்த வியாபாரம் புதிதல்ல. பஞ்சாபில் இதற்குக் 'கபூதர்பாஜி' என்று பெயர். புகழ்பெற்ற பாடகர் தலேர் மெஹந்தியின் குழு 1998, 1999இல் அமெரிக்காவுக்கு நிகழ்ச்சிக்குப் போனபோது, காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் குழுவினர் என்று காட்டிக் கூட்டிச்சென்று அங்கே விட்டுவிட்டதாக 2003இல் பட்டியாலா பொலிஸ் வழக்குப் பதிந்தது. 2018இல் நீதிமன்றம் அவருக்கு இரண்டு வருடச் சிறை விதித்தது. 2022 ஜூலையில் மேல்முறையீடு தள்ளுபடியாகிச் சிறை சென்றார், அதே ஆண்டு செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்தது. முறைப்பாடு பதிந்ததிலிருந்து முதல் தீர்ப்பு வரை பதினைந்து வருடம் போயிருக்கிறது. எங்கள் நாட்டுக் கதையும் உண்டு. 2004 செப்டெம்பரில் இலங்கையின் தேசிய கைப்பந்து அணி என்று சொல்லிக்கொண்டு 23 பேர் ஜேர்மனியின் பவேரியா மாநிலத்துக்குப் போய், விளையாடித் தோற்று, பின் காணாமல் போனார்கள். அப்படியொரு அணியே இலங்கையில் இருக்கவில்லை. அதை வைத்து 2008இல் 'மச்சான்' என்று படமும் வந்தது. படத்தில் பார்க்க அது சாகசம். ஆனால் இலங்கையிலிருந்து குழுவாக விண்ணப்பிக்கும் உண்மையான கலைஞர்களை விசா அலுவலர் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதற்கு இப்படியான கதைகளும் காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

ஸ்கந்தபுரம் பக்கம் ஒரு தாய் என்னிடம் ஓர் அழைப்புக் கடிதத்தைக் காட்டினார். மேலே வர்ணத்தில் வீணைச் சின்னம். தொடர்புக்கு ஒரு ஜிமெயில் முகவரி மட்டும், தொலைபேசி இலக்கம் இல்லை. விழா நடக்கும் மண்டபத்தின் பெயர் இல்லை. திகதி 'கோடைக் காலம்' என்று மொட்டையாக இருந்தது. மகனுடைய பெயருக்கு நேரே 'மிருதங்கக் கலைஞர்' என்று போட்டிருந்தது. அந்தப் பிள்ளை மிருதங்கத்தைத் தொட்டதே இல்லை. ஆதி தாளத்துக்கு எத்தனை அட்சரம் என்று விமான நிலையத்தில் ஒருவர் கேட்டாலே போதும், எல்லாம் கவிழ்ந்துவிடும். விண்ணப்பப் படிவத்தில் கையொப்பம் வைத்தது அந்தப் பிள்ளை, ஏஜென்சிக்காரர் அல்ல. ஆகவே பொய்க்குப் பொறுப்பும் அந்தப் பிள்ளையின் தலையில்தான் விழும்.

அந்தப் பொறுப்பின் அளவு இதுதான். பொய்த் தகவலோ போலி ஆவணமோ கொடுத்தது பிடிபட்டால் பிரித்தானியா பத்து வருடமும் கனடா ஐந்து வருடமும் விசா மறுக்கலாம். பிறகு உண்மையாகவே அக்காவின் கலியாணத்துக்கு விண்ணப்பித்தாலும் அந்தப் பதிவு முன்னால் வந்து நிற்கும். வங்கிக் கணக்கில் நாலு நாளைக்குக் கடன்காசு போட்டுக் காட்டுவதும் உதவாது. காசு எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்பார்கள். செங்கன் விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். 2025 ஒக்டோபர் 12 முதல் அந்த நாடுகளின் எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிந்து நாட்களைக் கணினி எண்ணத் தொடங்கிவிட்டது. 'முத்திரையை ஒருவரும் பாரார்' என்ற பழைய கதை இனி எடுபடாது. இன்னொன்று, சுவிஸ் விசாவோடு லண்டனுக்குப் போக முடியாது. பிரித்தானியா செங்கனுக்குள் இல்லை. 'யூரோப் விசா எல்லாத்துக்கும் ஓடும்' என்று சொல்பவரை அந்த இடத்திலேயே திருப்பி அனுப்பிவிடலாம்.

இதைவிடக் கொடியது வழி மாறுவது. விழா விசா கிடைக்கவில்லை என்றதும், கட்டிய காசைத் திருப்பாமல் 'வேற பாதையால அனுப்புறன்' என்பார்கள். பிரான்சுக்கு என்று புறப்பட்ட வடக்கு இளைஞர்கள் ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்டதாக 2024இன் இறுதியில் உறவினர்கள் முறையிட்டதை நாம் வாசித்தோம். பாதை மாற்றச் சொன்ன அந்த நிமிடத்திலேயே மறுத்துவிடுங்கள். கட்டிய காசு போனால் போகட்டும், பிள்ளை போகக் கூடாது.

உயிருக்குப் பயந்து நாட்டை விட்டுப் போகிறவருக்குத் தஞ்சம் கேட்கும் உரிமை உண்டு. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை அதற்காகவே இருக்கிறது. அந்த உரிமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மிருதங்கக்காரராகப் போய் இறங்கியவர் பிறகு சொல்லும் உண்மையையும் சந்தேகத்தோடுதான் கேட்பார்கள்.

நேர்வழி அப்படியொன்றும் கடினமல்ல. விண்ணப்பத்தை நீங்களே நிரப்பலாம், இடையில் ஆள் தேவையில்லை. செங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் வேறு. மறுத்தால் விசாக் கட்டணம் திரும்பாது. குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்புறுதி வேண்டும். லட்சக்கணக்கில் கேட்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லி, மிச்சக் காசு எதற்கு என்று கேளுங்கள். பலருக்குத் தெரியாத ஒரு சலுகையும் உண்டு. 25 வயதோ அதற்குக் குறைவோ உள்ள ஒருவர், இலாப நோக்கற்ற அமைப்பொன்றின் பிரதிநிதியாக, அத்தகைய அமைப்பே நடத்தும் கலாசார நிகழ்வுக்குப் போனால் செங்கன் விசாக் கட்டணமே இல்லை. எங்கள் சனசமூக நிலையங்களும் கலாமன்றங்களும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். விசா மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மறுத்த நாட்டிலேயே மேன்முறையீடு செய்யும் உரிமையும் உண்டு, அதற்கான காலக்கெடு அந்தக் கடிதத்திலேயே இருக்கும். ஏஜென்சிக்காரர் அந்தக் கடிதத்தைக் காட்டாமல் 'எம்பசியில லேட்' என்று இழுப்பது வழக்கம். கடிதம் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள்.

மேடையேறப் போகும் கலைஞருக்குப் பார்வையாளர் விசா எல்லா வேளையிலும் போதும் என்றில்லை. பிரித்தானியா, தனி வேலை அனுமதி இல்லாமல் வாசிக்கக்கூடிய விழாக்கள் என்று ஒரு பட்டியலை வெளியிடுகிறது. எடின்பரோ, கிளாஸ்டன்பரி போன்றவை அதில் உண்டு. அப்படியான விழாவின் அழைப்பு இருந்தால் பார்வையாளராகப் போய்ச் சன்மானமும் வாங்கலாம். அதில் இல்லாத கோயிலோ மண்டபமோ அழைத்தால் எந்த விசா என்பதை அழைப்பவரே தூதரகத்தில் கேட்டு எழுத்தில் தரட்டும். கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை காலையும் இரவும் வாசிக்கும் வித்துவான்களுக்கு இன்னொரு வார்த்தை. நாளுக்கு எத்தனை வேளை, சன்மானம் எவ்வளவு, எப்போது கைக்கு வரும், தங்குமிடம், திரும்பும் விமானச்சீட்டு, சுகமில்லாமல் போனால் யார் பார்ப்பது, இவ்வளவும் புறப்பட முன்னம் தாளில் இருக்க வேண்டும். 'தெரிஞ்ச ஐயா, எழுத்து எதுக்கு' என்று கூச்சப்பட வேண்டாம். போன இடத்தில் 'பத்திரமாக வைக்கிறன்' என்று கடவுச்சீட்டை வாங்கிப் பூட்டி வைக்க ஒருவருக்கும் உரிமையில்லை. திருப்பித் தர மறுத்தால் அந்நாட்டுப் பொலிஸையும் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தையும் நாடலாம்.

காசு ஏற்கெனவே போய்விட்டதென்றால் அக்கராயன் பொலிஸ் நிலையத்திலோ கிளிநொச்சியிலோ ஏமாற்று என்று முறைப்பாடு பதியுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். அங்கே வேலை எடுத்துத் தருவதாகவும் சொல்லியிருந்தால் விடயம் இன்னும் பெரிது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது குற்றம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து அந்த ஆளுக்கு உரிமம் இருக்கிறதா என்று காசு கட்ட முன்னமே கேட்கலாம். 'இது வேலை இல்லை, விசிற்தான்' என்று அவர்கள் அழுத்திச் சொல்வது இந்தச் சட்டத்திலிருந்து தப்பத்தான். ஆகவே வேலை பற்றி வட்சப்பில் அனுப்பிய குரல்பதிவுகளை அழிக்காதீர்கள்.

பலர் முறைப்பாடு செய்யாததற்குக் காரணம் வெட்கமும், பொய்ப் படிவத்தில் கையொப்பம் வைத்த தானும் மாட்டுப்படுவேனோ என்ற பயமும். அந்தப் பயத்தோடு நேரே பொலிஸுக்குப் போகத் தேவையில்லை. சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளிநொச்சி அலுவலகத்தில், வசதி குறைந்தவர்கள் காசில்லாமல் சட்டத்தரணியிடம் முதலில் பேசலாம். சிறிய தொகை என்றால் மத்தியஸ்த சபையிலும் தீர்க்கலாம்.

காசைத் திருப்பிக் கேட்டு வழக்கு வைக்கக் காலவரம்பு உண்டு. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் ஆறு வருடம், வாய்ப்பேச்சு மட்டும் என்றால் மூன்று வருடம். 'அடுத்த கோடைக்குப் பார்ப்பம்' என்று அவர்கள் தவணை சொல்வதில் இந்த வருடங்கள்தான் கரைகின்றன. பாதிக் காசை இங்கே கொடுத்து மீதியை லண்டனில் மாமா கையால் கொடுக்கச் செய்யும் வழக்கமும் சாட்சியைக் கெடுக்கிறது. கொடுப்பதென்றால் வங்கியால் கொடுங்கள். பற்றுச்சீட்டில் வாங்குபவரின் முழுப்பெயரும் அடையாள அட்டை இலக்கமும், எதற்கான காசு என்பதும், விசா கிடைக்காவிட்டால் எந்தத் திகதிக்குள் திருப்புவது என்பதும் இருக்கட்டும். அதில் கையொப்பம் வைக்க மறுக்கும் ஆளிடம் காசைக் கொடுக்காதீர்கள்.